அமெரிக்காவிலிருந்து கனடாவுக்கு: ஆவணம், செலவு, அப்புறம் அந்த ‘சாரி’

“ரெண்டும் ஒண்ணுதானே, என்ன பெரிய வித்தியாசம்?” அமெரிக்காவில் பல வருடம் இருந்துவிட்டுக் கனடாவுக்குக் கிளம்பும் நம் ஆட்கள் பெரும்பாலும் இப்படித்தான் சொல்கிறார்கள். கடைகள் அதே, சாலைகள் அதே, டிவியில் ஓடுவதும் அதே. சிக்கலே அங்கேதான். சென்னையிலிருந்து நேராக டொராண்டோ வருகிறவர் ஒவ்வொன்றையும் விசாரித்துவிட்டு வருகிறார். நியூஜெர்சியிலிருந்து வருகிறவர் எல்லாம் தெரியும் என்ற நினைப்பில் வருகிறார். லைசென்ஸ், இன்சூரன்ஸ், வாடகை வீடு என்று அதிகம் அலைவது இவர்தான்.

எச்-1பி என்ற அமெரிக்க வேலை விசாவில் இருந்து, கனடா பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) கையில் கிடைத்து, குடும்பத்தோடு டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்துக்கு மாறுகிறவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பி.ஆருக்கு விண்ணப்பிப்பது தனிக் கதை, அதைத் தொடவில்லை. வொர்க் பெர்மிட்டில் வருகிறவர்களுக்குச் சுங்க விதிகள் வேறு. கியூபெக் போகிறவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது. ‘டாலர்’ என்று நான் எழுதுவதெல்லாம் கனடிய டாலர். அமெரிக்க டாலர் ஒன்றுக்குச் சமீப ஆண்டுகளில் ஏறக்குறைய 1.35 முதல் 1.45 கனடிய டாலர் வரை கிடைத்து வருகிறது. கட்டணங்கள் அடிக்கடி மாறும், கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

1. கிளம்பும் முன் அங்கேயே வாங்கிவிட வேண்டியவை

முதல் இடம் கார் இன்சூரன்ஸ் கம்பெனியின் அனுபவக் கடிதத்துக்கு. ஒன்டாரியோவில் கார் இன்சூரன்ஸ் தலையைச் சுற்ற வைக்கும் விலை. அமெரிக்காவில் இத்தனை வருடம் விபத்தில்லாமல் ஓட்டியிருக்கிறீர்கள் என்பதற்குச் சான்று இல்லாவிட்டால், நேற்று ஸ்டியரிங் பிடித்தவருக்குப் போடும் பிரீமியத்தையே உங்களுக்கும் போடுவார்கள். வருடத்துக்கு ஆயிரக்கணக்கில் வித்தியாசம் வரும்.

இந்தக் கடிதத்தை வாங்க என் பழைய கம்பெனியிடம் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேட்கும்போதெல்லாம் பாலிசியின் முதல் பக்கத்தையே திரும்பத் திரும்ப மெயில் அனுப்பினார்கள். அது செல்லாது. கம்பெனியின் லெட்டர்ஹெட்டில், பாலிசி தொடங்கிய தேதி, முடிந்த தேதி, அதில் இருந்த ஒவ்வொரு ஓட்டுநரின் பெயர், கிளெய்ம் உண்டா இல்லையா, இருந்தால் யார் மேல் தப்பு என்கிற விவரம் இவ்வளவும் இருக்க வேண்டும். மனைவியும் ஓட்டுகிறவர் என்றால் அவர் பெயரும் தவறாமல் இருக்க வேண்டும். நடுவில் கம்பெனி மாறியிருந்தால் ஒவ்வொரு கம்பெனியிடமும் தனித்தனியாக வாங்க வேண்டும். பாலிசியை ரத்து செய்த பிறகு கேட்டால் யாரும் அக்கறை காட்டமாட்டார்கள். ரத்து செய்வதற்கு ஒரு மாதம் முன்பே ஆரம்பியுங்கள்.

அடுத்தது, உங்கள் மாநில மோட்டார் வாகன அலுவலகத்திலிருந்து ஓட்டுநர் வரலாற்றுச் சான்று. லைசென்ஸ் முதலில் கொடுத்த தேதி அதில் தெரிய வேண்டும். சமீபத்தில்தான் லைசென்ஸைப் புதுப்பித்தீர்கள் அல்லது வேறு மாநிலத்துக்கு மாற்றினீர்கள் என்றால், கார்டில் புதிய தேதி மட்டுமே இருக்கும். பழைய அனுபவத்தை நிரூபிக்க இந்தச் சான்றுதான் வழி.

பிள்ளைகளின் தடுப்பூசிப் பட்டியலை டாக்டரிடம் கையெழுத்தோடு வாங்குங்கள், ஒன்டாரியோ பள்ளியில் கேட்பார்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் 90 நாளுக்கான மருந்தை அதன் ஒரிஜினல் டப்பாவோடு கொண்டுவரலாம். பல் வேலை பாக்கி இருந்தால் அமெரிக்க இன்சூரன்ஸ் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். கனடாவில் மருத்துவம் இலவசம் என்கிற பேச்சில் பெரியவர்களின் பல்லும் கண்ணாடியும் மாத்திரையும் பெரும்பாலும் சேர்த்தியில்லை.

அமெரிக்க போன் நம்பரை விட்டுவிடாதீர்கள். வங்கி, 401(கே) ஓய்வூதியச் சேமிப்பு, வருமான வரி எல்லாவற்றுக்கும் ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். மலிவான ப்ரீபெய்ட் பிளானுக்கு மாற்றி உயிரோடு வைத்திருங்கள். ஒரு வங்கிக் கணக்கையும் அப்படியே வைத்திருங்கள். பங்குகள் வைத்திருந்தால், கனடா முகவரி கொடுத்த பிறகு கணக்கை அனுமதிப்பார்களா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். சில புரோக்கரேஜ்கள் அதன் பிறகு எதையும் வாங்க விடுவதில்லை.

2. கார்: கொண்டுபோவதா, விற்பதா?

லீஸ் கார் என்றால் யோசிக்கவே வேண்டாம், திருப்பிக் கொடுங்கள். கடன் பாக்கி உள்ள கார் என்றால் கடன் கொடுத்தவரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், அது லேசில் கிடைக்காது. கடன் முடிந்து டைட்டில் (கார் உரிமைப் பத்திரம்) கையில் இருந்தால் மட்டும் கீழே படியுங்கள்.

அமெரிக்கப் பக்கத்தில் காரை ‘ஏற்றுமதி’ செய்கிறீர்கள். மின்னணு ஏற்றுமதிப் பதிவு செய்து ஒரு எண் வாங்கி, டைட்டிலோடு சேர்த்து நீங்கள் கடக்கப்போகும் எல்லைச் சாவடியின் ஏற்றுமதி அலுவலகத்துக்கு 72 மணி நேரம் முன்பாகவே கொடுக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அந்த அலுவலகம் சாவடி மாதிரி 24 மணி நேரமும் திறந்திருக்காது. சனிக்கிழமை இரவு போய்ச் சேர்ந்தால் யாரும் இருக்கமாட்டார்கள்.

கனடாப் பக்கத்தில் இறக்குமதி வாகனப் பதிவகத்தில் பதிய வேண்டும். கட்டணம் 300 டாலருக்கு மேல், வரி தனி. ரீகால் (குறை சரிசெய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) பாக்கி எதுவும் இல்லை என்று கார் தயாரித்த கம்பெனியிடம் கடிதம் வாங்கி, 45 நாளுக்குள் ஆய்வையும் முடிக்க வேண்டும். பகலில் எரியும் முகப்பு விளக்கு இல்லாத மாடலில் அதைப் பொருத்தச் சொல்வார்கள். பி.ஆராக வந்து இறங்கும்போது நீங்கள் ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருந்த காருக்குச் சுங்கவரிச் சலுகை உண்டு. ஆனால் ஒரு பொருளின் மதிப்பு 10,000 டாலரைத் தாண்டினால் தாண்டிய தொகைக்கு வரி கட்ட நேரலாம். 12 மாதத்துக்குள் விற்றாலும் வரி கேட்பார்கள்.

என் கருத்து: கார் நல்ல நிலையில், சொந்தமாக, நாலைந்து வருடத்துக்குள் இருந்தால் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் விற்றுவிட்டு நிம்மதியாக வாருங்கள்.

3. எல்லையில் என்ன கேட்பார்கள்

இரண்டு பட்டியல் தயாராக இருக்கட்டும். கூட எடுத்து வருகிற பொருட்கள் ஒன்று, பின்னால் வரப்போகிறவை இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் தோராய மதிப்பு, நகைக்குப் படமும் விவரமும். ‘சமையல் பாத்திரங்கள், 200 டாலர்’ என்று மொத்தமாக எழுதினால் போதும், கரண்டி வாரியாக வேண்டாம். இரண்டாவது பட்டியலை அன்றே காட்டி முத்திரை வாங்காவிட்டால், ஆறு மாதம் கழித்து வரும் சோபாவுக்கு வரி கட்ட வேண்டியிருக்கும். கையில் 10,000 டாலரோ அதற்கு மேலோ பணம் இருந்தால் சொல்லிவிடுங்கள். சொன்னால் வரி கிடையாது, மறைத்தால்தான் தொல்லை.

அமெரிக்காவிலிருந்து வரும் வண்டியென்றால் துப்பாக்கி இருக்கிறதா என்ற கேள்வி நிச்சயம் வரும். அமெரிக்கர் என்றால் துப்பாக்கி என்பது கனடியர்களின் பொதுவான நினைப்பு. எல்லை அதிகாரிக்கு அது அன்றாட அனுபவம். நம் ஆட்கள் சிரித்துக்கொண்டே ‘இல்லை’ என்பார்கள். ஆனால் பெண்கள் சாவிக்கொத்தில் மாட்டி வைத்திருக்கும் பெப்பர் ஸ்ப்ரே? மனிதர்கள் மேல் அடிப்பதற்கான ஸ்ப்ரே கனடாவில் தடை செய்யப்பட்ட ஆயுதம். கிளம்பும் முன் கைப்பை, காரின் டேஷ்போர்டு எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்து அதை எடுத்துவிடுங்கள். இன்னொன்று, கஞ்சா கனடாவில் சட்டப்படி விற்கப்படுகிறது. ஆனால் எல்லையைக் கடந்து எந்தப் பக்கமும் கொண்டுபோகக் கூடாது.

4. முதல் இரண்டு வாரம்

வரிசை முக்கியம். முதலில் சின் நம்பர், அதாவது சமூகக் காப்பீட்டு எண், ஒன்பது இலக்கம், இலவசம். அது இல்லாமல் சம்பளம் வராது. அடுத்து வங்கி. பெரிய வங்கிகள் எல்லாமே புதிதாக வருகிறவர்களுக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அதில் முதல் வருடம் பெரும்பாலும் மாதக் கட்டணம் இருக்காது, கிரெடிட் வரலாறு இல்லாமலே ஒரு கார்டும் கொடுப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் 800 கிரெடிட் ஸ்கோர் வைத்திருந்தவரும் இங்கே பூஜ்யத்திலிருந்துதான் ஆரம்பிக்கிறார். ஈக்விஃபேக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்று கிரெடிட் வரலாறு வைத்திருக்கும் கம்பெனிகளின் பெயர்கள் இரண்டு நாட்டிலும் அதேதான். கோப்பு மட்டும் எல்லை தாண்டி வராது. பணம் அனுப்ப அமெரிக்காவில் பழகிய ஜெல் (Zelle), வென்மோ எதுவும் இங்கே கிடையாது, எல்லாம் வங்கி வழியாக அனுப்பும் இன்டராக் இ-டிரான்ஸ்ஃபர்தான்.

பிறகு ஹெல்த் கார்டு. ஒன்டாரியோவின் அரசு மருத்துவக் காப்பீடான ஓஹிப் திட்டத்தில் மூன்று மாதக் காத்திருப்பு 2020-இல் எடுக்கப்பட்டுவிட்டது. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வந்த மாதத்தின் மீதி நாட்களோடு இன்னும் இரண்டு மாதம் காத்திருக்க வேண்டும், அதற்குத் தனியாக இன்சூரன்ஸ் எடுங்கள். ஓஹிப்புக்கு மூன்று சான்று: குடியேற்ற நிலை, ஒன்டாரியோ முகவரி, அடையாளம். முகவரிச் சான்றில்தான் பலர் மாட்டுகிறார்கள். வாடகை ஒப்பந்தத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தால் மனைவி எதைக் காட்டுவார்? வங்கிக் கணக்கு திறக்கும் அன்றே இருவர் பெயரிலும் ஸ்டேட்மென்ட் வரும்படி செய்துவிடுங்கள்.

லைசென்ஸை 60 நாளுக்குள் மாற்ற வேண்டும். இரண்டு வருட அனுபவத்தை நிரூபித்தால் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் இல்லாமல் நேராக, கார் ஓட்டுவதற்கான முழு ஜி லைசென்ஸ். அமெரிக்க லைசென்ஸைக் கொடுத்துவிட வேண்டும், அதற்கு முன் நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பி.ஆர். கார்டுக்குக் கனடா முகவரியை 180 நாளுக்குள் கொடுங்கள். தவறினால் மறுபடி விண்ணப்பித்துப் பணம் கட்ட வேண்டும். அப்புறம், கனடா பி.ஆர். ஆகிவிட்டதால் நயாகராவின் அந்தப் பக்கம் சும்மா போய்விட்டு வரலாம் என்று நினைக்க வேண்டாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் வரை அமெரிக்க விசா வேண்டும்.

5. வாடகை வீடு

விளம்பரத்தில் ‘பேச்சலர்’ என்று போட்டிருந்தால் கல்யாணமாகாதவர்களுக்கு என்று விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவில் ஸ்டூடியோ என்பார்களே, அதுதான். ‘ஹைட்ரோ தனி’ என்றால் தண்ணீருக்கு இல்லை, கரண்டுக்குத் தனியாகக் கட்ட வேண்டும் என்று பொருள்.

ஒன்டாரியோவில் வீட்டுக்காரர் முன்பணமாகக் கேட்கக்கூடியது கடைசி மாத வாடகை மட்டும். அமெரிக்காவில் நாம் பழகிய ‘டேமேஜ் டெபாசிட்’ இங்கே சட்டப்படி கிடையாது. ஆறு மாதம், ஒரு வருடம் முன்கூட்டியே கொடு என்று கேட்கவும் சட்டத்தில் இடமில்லை. ஆனால் கிரெடிட் இல்லாத புதியவர் என்று தெரிந்தால் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். வேலைக் கடிதம், அமெரிக்க கிரெடிட் ரிப்போர்ட்டின் பிரிண்ட், பழைய வீட்டுக்காரரின் பரிந்துரை, வங்கி இருப்பு இந்த நாலையும் ஒரே கோப்பாக அனுப்பினால் பல இடங்களில் படிந்து வருகிறார்கள். 2018 நவம்பர் 15-க்குப் பிறகு முதல்முறையாகக் குடியேறிய கட்டடங்களுக்கு வாடகை உயர்வு வரம்பு பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள். பளபளவென்று இருக்கும் புது காண்டோவில் அடுத்த வருடம் வாடகையை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம்.

ஸ்கார்பரோ, மார்க்கம் பக்கம் வீடு தேடுகிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. அங்கே தமிழ்க் கடைகள் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஈழத்தமிழர்கள், பல பத்தாண்டுக் கனடா அனுபவம் உள்ளவர்கள். கறிவேப்பிலை வாங்கப் போனவரிடம், “தம்பி, முதல்ல ஹெல்த் கார்டை எடுங்கோ, மிச்சத்தைப் பிறகு பாக்கலாம்” என்று கல்லாவிலிருந்தே வழி சொல்வார்கள். அமெரிக்கத் தமிழர் வீட்டு விருந்துகளில் பேச்சு பச்சை அட்டை வரிசையில்தான் வந்து நிற்கும். இங்கே வீட்டுக் கடன் வட்டியில் வந்து நிற்கும். இரண்டுக்கும் தீர்வு கிடைத்து நான் பார்த்ததில்லை.

6. எண்கள் எல்லாம் பாதி மாறியிருக்கும்

கனடா மெட்ரிக் நாடு என்று சொல்வார்கள். பாதிதான் உண்மை. வெளி வெப்பநிலை செல்சியஸ், சமையலறை அடுப்பு ஃபாரன்ஹீட். சாலையில் கிலோமீட்டர், ஆளின் உயரம் அடியில், எடை பவுண்டில். காய்கறி விளம்பரத்தில் பெரிய எழுத்தில் பவுண்டு விலை இருக்கும், பில்லில் கிலோ வரும். விலை இரண்டு மடங்காகிவிட்டது என்று கல்லாவில் சண்டை போடாதீர்கள்.

நிஜமான பொறி தேதிகளில் இருக்கிறது. 04/07 என்றால் ஏப்ரல் 7-ஆ, ஜூலை 4-ஆ? இந்த நாட்டில் இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். அரசுப் படிவங்களில் பெரும்பாலும் வருடம், மாதம், நாள் என்ற வரிசை. வாடகை ஒப்பந்தமோ காசோலையோ, மாதத்தை எழுத்தில் எழுதிவிடுங்கள். உணவுப் பொருட்களில் மாதத்துக்கு இரண்டெழுத்துக் குறி இருக்கும். எம்.ஏ. என்றால் மே, எம்.ஆர். என்றால் மார்ச். எம்.ஏ.வை மார்ச் என்று படித்துவிட்டு நல்ல தயிரைக் கொட்டிய குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

சாலையில் 100 என்ற பலகையைப் பார்த்து அமெரிக்க ஸ்பீடோமீட்டரில் 100-ஐத் தொட்டுவிட்டால் அது 160 கிலோமீட்டர். ஒன்டாரியோவில் இப்படிப்பட்ட சாலையில் வரம்பைவிட 50 கிலோமீட்டர் கூடுதலாகப் போனால் ‘ஸ்டன்ட் டிரைவிங்’ என்ற குற்றம். அங்கேயே காரை 14 நாளுக்கும் லைசென்ஸை 30 நாளுக்கும் பறிமுதல் செய்துவிடுவார்கள். மான்ட்ரியால் தீவுக்குள் சிவப்பு விளக்கில் வலப்பக்கம் திரும்பக் கூடாது என்பதையும் அமெரிக்கக் கை எளிதில் மறந்துவிடும்.

7. ‘சாரி’யும் மற்ற கேலிகளும்

கனடியர்கள் எதற்கெடுத்தாலும் சாரி சொல்வார்கள் என்பது அமெரிக்காவில் பழைய கேலி. அதில் உண்மை இருக்கிறது. சூப்பர் மார்க்கெட்டில் உங்கள் தள்ளுவண்டியை நீங்கள் ஒருவர் காலில் ஏற்றினாலும் முதலில் சாரி சொல்வது அவர்தான். பதிலுக்கு நீங்களும் ஒரு சாரி சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ‘நோ பிராப்ளம்’ என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு நகர்ந்தால், தப்பு அவருடையது என்று நீங்கள் தீர்ப்பு எழுதிய மாதிரி ஆகிவிடும்.

இந்தச் சாரிக்குச் சட்டப் பாதுகாப்பே உண்டு. ஒன்டாரியோவில் 2009-இல் கொண்டுவந்த மன்னிப்புச் சட்டத்தின்படி, ஒருவர் மன்னிப்புக் கேட்டதை வைத்து சிவில் வழக்கில் அவர் தப்பை ஒப்புக்கொண்டார் என்று வாதாட முடியாது. பிரிட்டிஷ் கொலம்பியா 2006-லேயே இப்படி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. அதற்காகக் கார் மோதிய இடத்தில் நின்று ‘என் தப்புதான்’ என்று விளக்கவுரை கொடுக்க வேண்டாம். சாரி சொல்லுங்கள், இன்சூரன்ஸ் விவரத்தை மாற்றிக்கொள்ளுங்கள், படம் எடுங்கள், போதும்.

சாரி சொல்கிறவர் இறங்கி வருகிறார் என்று நினைப்பதுதான் அமெரிக்காவிலிருந்து வருகிறவர்கள் செய்யும் பெரிய தப்புக்கணக்கு. ஒரு அரசு கவுண்டரில் வரிசையில் நிற்கும்போது பார்த்தேன். எனக்கு முன்னால் நின்றவர், தலையில் டல்லாஸ் தொப்பி, போனில் இருந்த வங்கிச் செயலியைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் நீட்டினார். உள்ளே இருந்த பெண், “சாரி, அச்சிட்ட ஸ்டேட்மென்ட்தான் வேண்டும்” என்றார். இவர் குரலை உயர்த்தி மேனேஜரைக் கூப்பிடச் சொன்னார். அந்தப் பெண் இன்னும் மெதுவாக இன்னொரு சாரி சொன்னார். குரல் ஏற ஏற சாரி மெலிந்துகொண்டே போனது, பதில் மட்டும் மாறவேயில்லை. அடுத்து வந்த அம்மாவிடமும் அதே ஆவணம் இல்லை. அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “சாரி, இதுக்குப் பதிலா வேற என்ன காட்டலாம்?” உடனே ஒரு பட்டியல் தாள் வெளியே வந்தது. பேனாவால் இரண்டு இடத்தில் வட்டம் போட்டு, “இதில் ஏதாவது ஒன்று இருக்கிறதா பாருங்கள்” என்றார். இருந்தது. அமெரிக்காவில் காரியம் நடக்க வைக்கிற குரல் இங்கே காரியத்தைக் கெடுக்கிறது. இந்த ஒரு கேள்வியை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

கனடியர்கள் எப்போதும் சாது என்றும் நம்பிவிட வேண்டாம். ஹாக்கி ஆட்டத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு அடித்துக்கொள்வார்கள், சுற்றி இருக்கும் கூட்டம் எழுந்து நின்று கத்தும். டொராண்டோவின் 401 நெடுஞ்சாலையில் மாலை ஐந்து மணிக்கு யாரும் யாருக்கும் சாரி சொல்வதில்லை.

அவர்கள் உங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நீங்கள் பிறந்தது மதுரையாக இருக்கலாம். டெக்சாஸ் நம்பர் பிளேட்டோடு வந்து இறங்கினால் நீங்கள் ‘ஸ்டேட்ஸிலிருந்து வந்தவர்’. சத்தமாகப் பேசுவார், எதையும் பெரிதாக வாங்குவார், கனடாவின் தலைநகர் டொராண்டோ என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஒட்டாவா என்பதை மட்டுமாவது தெரிந்துகொண்டு வாருங்கள். ‘அமெரிக்காவில் நாங்கள் இப்படிச் செய்வோம்’ என்று தொடங்கும் வாக்கியங்களை முதல் வருடம் சொல்லாமல் இருந்தாலே நல்ல பெயர் கிடைத்துவிடும். மருத்துவமனையில் காத்திருக்கும் நேரத்தைப் பற்றி அவர்களே மணிக்கணக்கில் புலம்புவார்கள். தலையாட்டுங்கள், ஒத்து ஊதாதீர்கள். வீட்டுக்காரர் தன் சமையலைக் குறை சொல்லலாம், விருந்தாளி சொல்லக் கூடாது.

அங்கே விட்டுவந்த நண்பர்கள் பனி வீடு, பனிக்கரடி என்று கேலி செய்தால் பதில் கைவசம் இருக்கிறது. டொராண்டோ சியாட்டிலுக்கும் மினியாபொலிஸுக்கும் தெற்கே இருக்கிறது. கனடாவின் வின்ட்சர் நகரத்தில் நின்றுகொண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட்டைப் பார்க்க வடக்கே திரும்ப வேண்டும்.

ஒரு கேலியை மட்டும் தொடவே தொடாதீர்கள்: கனடா அமெரிக்காவின் ‘51-ஆவது மாநிலம்’ என்பது. முன்பெல்லாம் அது சும்மா ஒரு நக்கல். 2025-இல் இறக்குமதி வரிச் சண்டையும் அமெரிக்க அதிபரின் பேச்சும் சேர்ந்தபோது அது நிஜமாகவே உறைத்தது. அந்த மார்ச்சில் ஒன்டாரியோ அரசு மதுக்கடைகளின் அலமாரியிலிருந்து அமெரிக்க மது மொத்தமும் இறங்கியது. கடைகளில் கனடாப் பொருளுக்கு மேப்பிள் இலைக் குறி ஒட்டினார்கள். ‘எல்போஸ் அப்’ (முழங்கையை உயர்த்து) என்ற ஹாக்கிச் சொல் கோஷமாகவே ஆனது. கோபம் அரசியல் மேல்தான். எல்லையில் இறங்கும் அமெரிக்க நண்பரை இப்போதும் காபி வாங்கிக் கொடுத்துத்தான் வரவேற்கிறார்கள். ஆனாலும் அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரத்தில் இதைச் சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்க்காதீர்கள்.

8. வேலை தேடும்போதும் சேர்ந்த பிறகும்

ரெஸ்யூமில் ‘காலேஜ்’ என்று போடாதீர்கள். இங்கே காலேஜ் என்றால் பெரும்பாலும் டிப்ளமோ தரும் தொழிற்கல்வி நிலையம். பட்டம் வாங்கியது யூனிவர்சிட்டி என்றால் அப்படியே எழுதுங்கள். நேர்காணலில் ‘நான் தனி ஆளாக முடித்தேன்’ என்கிற அமெரிக்கத் தொனியைக் கொஞ்சம் குறையுங்கள், ‘எங்கள் குழு, அதில் என் பங்கு இது’ என்பது எடுபடுகிறது. மேலாளர் ‘நாட் பேட்’ என்றால் பாராட்டு. ‘இதை இன்னொரு தடவை யோசித்துப் பார்க்கலாமா’ என்றால் வேண்டாம் என்று அர்த்தம். எல்லா அலுவலகமும் இப்படி என்று சொல்லவில்லை. டொராண்டோவின் நிதி நிறுவனங்களில் நியூயார்க் வேகம் உண்டு.

சம்பளம் குறையும், பல துறைகளில் கணிசமாகக் குறையும். ஆனால் காரணம் சொல்லாமல் அன்றே வெளியே அனுப்புகிற அமெரிக்க ஏற்பாடு இங்கே இல்லை. நோட்டீஸோ அதற்கான பணமோ தர வேண்டும். பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு ஒரு வருடத்துக்கு மேலும் போகலாம். சக ஊழியர் 18 மாத விடுப்பில் போகிறார் என்றால் யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. வேலைக் கடிதம் கையெழுத்திடும் முன் நிறுவனத்தின் மருந்து, பல் காப்பீட்டைக் கேளுங்கள், அதுதான் ஓஹிப் விட்ட இடத்தை நிரப்பும்.

தேங்க்ஸ்கிவிங் அக்டோபர் இரண்டாம் திங்கள். அமெரிக்கத் தேங்க்ஸ்கிவிங் வியாழன் இங்கே சாதாரண வேலை நாள். அந்த வாரத்துக்கு விடுமுறை டிக்கெட் போட்டுவிட்டு அப்புறம் லீவு கேட்கும் நிலைமை வேண்டாம்.

9. கடைத்தெருவில்

ஒன்டாரியோவில் பால் பையில் வரும். நாலு லிட்டர், உள்ளே மூன்று பைகள். நமக்கு ஆவின் பழக்கம் இருப்பதால் அமெரிக்கர்கள் மாதிரி முழிக்கமாட்டோம். ஆனால் இங்கே காய்ச்சாமல், பையை ஒரு பிளாஸ்டிக் குடுவையில் நிறுத்தி, மூலையைச் சின்னதாக வெட்டி ஊற்றுகிறார்கள். குடுவையைத் தனியாக வாங்க வேண்டும், சில டாலர்தான். பெரிதாக வெட்டினால் காபியில் மட்டும் இல்லாமல் மேசையிலும் பால் இருக்கும்.

ரொக்கமாகக் கொடுத்தால் பில் ஐந்து சென்ட்டுக்கு ரவுண்ட் ஆகும், ஒரு சென்ட் நாணயம் 2013-இல் புழக்கத்திலிருந்து போய்விட்டது. உணவகத்தில் கார்டை எடுத்துக்கொண்டு போகமாட்டார்கள், இயந்திரம் மேசைக்கு வரும். டிப்ஸ் சதவீதத்தைப் பெரும்பாலும் வரியும் சேர்ந்த தொகை மேல் கணக்கிடும். ஒன்டாரியோவில் வரியே 13 சதவீதம், கவனம். விலைப்பட்டியலில் வரி சேர்க்காத பழக்கம் மட்டும் இரண்டு நாட்டுக்கும் பொது.

கனடா கார்டோடு அமெரிக்காவில் பெட்ரோல் போடும்போது ஐந்து இலக்க ஜிப் கோடு கேட்கும். உங்கள் அஞ்சல் குறியீட்டில் உள்ள மூன்று எண்களையும் வரிசையாகப் போட்டு, பின்னால் இரண்டு பூஜ்யம் சேர்த்தால் பெரும்பாலும் வேலை செய்யும்.

10. முதல் வருட வரி

வந்த வருடத்தில் இரண்டு நாட்டிலும் தாக்கல் செய்ய வேண்டும். அமெரிக்காவுக்கு ஏப்ரல் 15, கனடாவுக்கு ஏப்ரல் 30. கனடாவில் குடியிருப்பு தொடங்கிய தேதியில் உங்கள் அமெரிக்கப் பங்குகளின் சந்தை விலையைக் குறித்து வையுங்கள். பின்னாளில் விற்கும்போது கனடாவின் லாபக் கணக்கு அந்த விலையிலிருந்துதான் ஆரம்பிக்கும். அன்றைய ஸ்டேட்மென்ட்டை இறக்கி வைக்க ஐந்து நிமிடம் போதும், வருடங்கள் கழித்துத் தேடுவது பெரும்பாடு. வெளிநாட்டுச் சொத்து (வரும்போதே வைத்திருந்ததற்கு அந்தத் தேதியின் சந்தை விலை, பிறகு வாங்கியதற்கு வாங்கிய விலை) மொத்தம் 100,000 டாலரைத் தாண்டினால் தனிப் படிவம் உண்டு. குடியேறிய முதல் வருடத்துக்கு மட்டும் அது தேவையில்லை. இந்தியாவில் வாடகைக்கு விட்டிருக்கும் பிளாட்டும் வைப்பு நிதியும் அந்தக் கணக்கில் சேரும்.

ராத் ஐ.ஆர்.ஏ. என்கிற அமெரிக்க ஓய்வுக்காலச் சேமிப்புக் கணக்கு வைத்திருந்தால் கனடாவுக்கு வந்தபின் அதில் ஒரு பைசாவும் போடாதீர்கள், ஒருமுறை செய்ய வேண்டிய அறிவிப்பையும் முதல் தாக்கலோடு அனுப்பிவிடுங்கள். பச்சை அட்டை வைத்திருப்பவர்கள் அதைத் திருப்பிக் கொடுக்கும் வரை அமெரிக்க வரி விடாது. கனடாவில் வரியில்லாமல் சேமிக்கும் டி.எஃப்.எஸ்.ஏ. கணக்கை அமெரிக்கா வரியில்லாக் கணக்காக ஏற்பதுமில்லை. இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் நூற்றுக்கணக்கில் கேட்பார், சிக்கலான கணக்கென்றால் ஆயிரத்தைத் தாண்டும். மார்ச் மாதத்தில் அவர்கள் போனையே எடுக்கமாட்டார்கள், ஜனவரியிலேயே பிடித்துவிடுங்கள்.